சட்டியில் இருந்தும் அகப்பையில் வராத எரிபொருள்: சிறு விமான டேங்குக்கு எந்த பிக்கப்?

சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்பார்கள். விமான டேங்கைப் பொறுத்தவரை அது பாதி உண்மைதான். டேங்கில் எட்டு லிட்டர் இருக்கும், அளவுமானியும் எட்டு என்றே காட்டும், என்ஜின் மட்டும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். எட்டு லிட்டரும் ஒரு மூலையில் கிடக்க, உறிஞ்சும் குழாயின் வாய் வேறொரு மூலையில் காற்றைக் குடித்துக்கொண்டிருப்பதுதான் காரணம். அந்த வாய்க்குத்தான் பிக்கப் என்று பெயர்.

சொந்தமாக விமானம் கட்டுபவர்கள் என்ஜினுக்கும் ப்ரொப்பெல்லருக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பிக்கப்பை மட்டும், டேங்கை மூடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் முடிவு செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். சீலன்ட் (கசிவை அடைக்கும் பசை) காய்ந்த டேங்கை மறுபடி திறப்பது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தவர்கள் இப்போதே சிரித்திருப்பார்கள். அந்த முந்தின நாள் சாயங்காலத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது பயன்படட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எரிபொருள் எங்கே ஓடுகிறது

விமானம் சாய்ந்தால் எரிபொருளும் சாய்ந்த பக்கம் ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். சரியாகத் திருப்பினால் அப்படி ஓடாது. 45 டிகிரி சாய்ந்து திரும்பினாலும், டேஷ்போர்டில், வளைந்த கண்ணாடிக் குழாய்க்குள் உருளும் பந்து நடுவில் நின்றால், டேங்கில் இருக்கும் எரிபொருள் தரையில் இருந்தது போலவே கிடக்கும். எரிபொருளுக்குத் தொடுவானம் தெரியாது. பந்துக்குத் தெரிவதுதான் அதற்கும் தெரியும். பந்து இடப்பக்கம் போனால் எரிபொருளும் இடப்பக்கம் போகும்.

பந்தை வேண்டுமென்றே வெளியே தள்ளும் வேலைதான் ஸ்லிப். இறங்கும்போது உயரத்தைக் குறைக்க இடது இறக்கையைத் தாழ்த்தி வலது ரட்டரை (வால் சுக்கானை) மிதிக்கிறோம். இடது டேங்கில் இருப்பதெல்லாம் இறக்கை நுனிக்கு ஓடும், வலது டேங்கில் இருப்பது உடலை ஒட்டிய பக்கம் வந்து சேரும். பிக்கப் வழக்கமாக உடலை ஒட்டிய மூலையில் இருப்பதால், ஸ்லிப்பில் தாழ்ந்த இறக்கை டேங்க் பட்டினி போடும், உயர்ந்த இறக்கை டேங்க் ஊட்டும். ஓட்டுபவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய விஷயம் இது. ஆனால் இறங்கும் நேரத்தில் நூறு வேலைக்கு நடுவில் இது நினைவுக்கு வராது என்று வைத்துக்கொண்டுதான் டேங்கைக் கட்ட வேண்டும்.

முன்பின்னாகவும் இதே கதைதான். ஏறும்போது பின்சுவருக்குப் போகும், மூக்கைத் தாழ்த்தி இறங்கினால் முன்சுவருக்கு வரும்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இறக்கைக்குள் ஒரு டேங்க்: நீளம் 120 செ.மீ., அகலம் 50 செ.மீ., ஆழம் 12 செ.மீ. மொத்தம் 72 லிட்டர் கொள்ளும். அடிப்பகுதி தட்டை என்றும், உள்ளே தடுப்பு எதுவும் இல்லை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கை 3.5 டிகிரி மேல்நோக்கி ஏறுகிறது. 5 லிட்டர் மிச்சம் இருக்கும்போது நேராகப் பறந்தால், அது உடலை ஒட்டி ஆப்பு வடிவில் சேரும். மூலையில் ஆழம் சுமார் 3.5 செ.மீ. இறக்கை முழுத் தட்டையாக இருந்திருந்தால் ஒரு செ.மீ. கூட இருந்திருக்காது. டைஹெட்ரல், அதாவது இறக்கையின் இந்த ஏற்றக் கோணம், நமக்கு இலவசமாகக் கொடுக்கும் சம்ப் (எரிபொருள் தேங்கும் பள்ளம்) இது.

இப்போது அந்த இறக்கையை 10 டிகிரி தாழ்த்தி நேர்ப்பாதையில் ஸ்லிப் செய்யுங்கள். இலவசமாகக் கிடைத்த 3.5 டிகிரியைக் கழித்தாலும் 6.5 டிகிரி சரிவு நுனிப் பக்கம் மிஞ்சுகிறது. 5 லிட்டரும் நுனிக்குப் போய்விடும், பிக்கப் நிற்கும் மூலை காய்ந்துவிடும்.

இதில் விஷமமான விஷயம் ஒன்று உண்டு. ஸ்லிப் செய்யும்போது த்ராட்டில் மூடியிருக்கும், என்ஜின் சொற்பமாகத்தான் குடிக்கும். குழாயில் காற்று ஏறியது அப்போது தெரியவே தெரியாது. ஓடுபாதையில் ஏதோ தடை, மறுபடி ஏற வேண்டும் என்று த்ராட்டிலை முழுதாகத் தள்ளும்போதுதான் தெரியும். வெளிவிட்டம் எட்டில் மூன்று அங்குலம் (3/8) உள்ள அலுமினியக் குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 47 மி.லி. நிற்கும். டேங்குக்கும் என்ஜினுக்கும் நடுவே 2 மீட்டர் என்றால் 94 மி.லி. மணிக்கு 48 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு அது ஏழு விநாடி. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பதைச் சேர்த்தால் இன்னும் சில விநாடி. அதாவது, விமானம் மரங்களுக்கு மேலே மூக்கைத் தூக்கி நிற்கும் சரியான நேரத்தில்.

முதலில் கேட்க வேண்டியது: விழுகிறதா, உறிஞ்சுகிறோமா

பிக்கப் வகைகளை வரிசையாக வைத்து ஒப்பிடுவதற்கு முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி இது. டேங்க் என்ஜினுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? இதற்கு விடை சொல்லிவிட்டால் பாதித் தேர்வுகள் தானாகவே விழுந்துவிடும்.

மேலிறக்கை விமானத்தில் எரிபொருள் தன் எடையிலேயே இறங்கி வருகிறது. ஒரு டேங்குக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு வாய் வைத்து, கீழே ஒரு டீயில் (T வடிவ இணைப்பில்) சேர்த்துவிடலாம். ஏறும்போது பின்வாய் நனைந்திருக்கும், இறங்கும்போது முன்வாய். காய்ந்த வாயின் குழாயில் எரிபொருள் மற்றதன் மட்டத்துக்கு ஏறி நிற்கும், அவ்வளவுதான். செஸ்னா 172 போன்ற விமானங்களில் இரண்டு இறக்கைகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்கும் நிலை, எந்த டேங்கிலிருந்து எடுப்பது என்று மாற்றும் தேர்வு வால்வில் இருப்பதும் இதே தைரியத்தில்தான்.

தாழிறக்கை விமானத்தில் இதைச் செய்தால் வினை. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்ட்ராவைப் போட்டு, ஒன்றின் அடியை மட்டும் தண்ணீருக்கு வெளியே எடுத்துவிட்டு, இரண்டையும் வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். காற்றுதான் வரும். பம்ப்பும் அப்படித்தான், எது சுலபமோ அதைத்தான் இழுக்கும், காற்றை விடச் சுலபமானது எதுவும் இல்லை. பைப்பர் செரோகீ வகைகளில் இடது, வலது என்று மட்டும் இருப்பதும், இரண்டும் சேர்ந்த நிலை இல்லாததும் இதனால்தான். தாழிறக்கையில் “பேசாமல் ரெண்டையும் டீ போட்டுடலாமே” என்று யாராவது யோசனை சொன்னால், அவருக்கு இந்த ஸ்ட்ரா விளையாட்டைக் காட்டினால் போதும்.

உறிஞ்சுவதில் இன்னொரு தொல்லை ஆவி. ஒரு மீட்டர் மேலே இழுத்தால் குழாயில் அழுத்தம் 7 கிலோபாஸ்கல் குறையும். அவ்கேஸின் (விமானப் பெட்ரோலின்) ஆவியழுத்தம் 38 டிகிரி செல்சியஸில் 38 முதல் 49 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் தர அளவு. கார் பெட்ரோல் பருவத்தைப் பொறுத்து அதற்கு மேலேயும் போகும். சூடான என்ஜின் அறைக்குள் பம்ப்பை வைத்து, மெல்லிய வலை போட்ட பிக்கப்பிலிருந்து உறிஞ்சினால், வாய் நனைந்திருந்தாலும் குழாயில் குமிழி வரலாம். தாழிறக்கை என்றால் மின்பம்ப்பை டேங்க் மட்டத்துக்குப் பக்கத்திலேயே வையுங்கள். அங்கிருந்து தள்ளுவது, மேலிருந்து இழுப்பதை விட எப்போதும் நல்லது.

நிலையான குழாய், கதவு போட்ட அறை

பெரும்பாலான தாழிறக்கை ஹோம்பில்ட்களில் (சொந்தமாகக் கட்டிய விமானங்களில்) இருப்பது இதுதான். உடலை ஒட்டிய ரிப் (இறக்கையின் குறுக்குத் தகடு) வழியாக உள்ளே போகும் அலுமினியக் குழாய் வளைந்து பின்மூலை அடிக்கு இறங்கும், முனையில் விரல் போன்ற வலை இருக்கும். அசையும் பாகம் கிடையாது, பழுதாகவும் ஒன்றும் இல்லை.

ஆனால் மேலே போட்ட கணக்கில் பட்டினி போட்டதும் இதே குழாய்தான். வித்தியாசம் செய்வது குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் ரிப். உடலிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கும் ரிப்பில் ஓட்டை எதுவும் இல்லாமல், அடியில் மட்டும் உள்பக்கமாகத் திறக்கும் ஒரு சின்னக் கதவு, மேலே காற்று போக ஒரு சிறு துளை. நுனியிலிருந்து வரும் எரிபொருள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், திரும்பிப் போக முயன்றால் கதவு மூடிக்கொள்ளும்.

அதே 5 லிட்டரை மறுபடி கணக்கில் எடுப்போம். நேராகப் பறக்கும்போது அந்த 30 செ.மீ. அறைக்குள் மட்டும் 3.9 லிட்டர் இருக்கும். அதே 10 டிகிரி ஸ்லிப்பில் அது அறையின் வெளிச்சுவரில் போய் ஒதுங்கும். ஆனாலும் பிக்கப் இருக்கும் மூலையில் கிட்டத்தட்ட 9 மி.மீ. ஆழம் மிஞ்சும். பிக்கப் வாய் அடியிலிருந்து 5 மி.மீ. உயரத்தில் இருந்தால், மணிக்கு 36 லிட்டர் வேகத்தில் குடித்தால்கூட வாய் வெளியே தெரிய ஒரு நிமிடம் ஆகும். யாரும் ஒரு நிமிடம் முழுக்க அந்த வேகத்தில் குடித்துக்கொண்டே ஸ்லிப் செய்வதில்லை. ஒரு தகடும் ஒரு கீலும் வாங்கிக் கொடுக்கும் நேரம் இது. கதவு கச்சிதமாக மூடாது, கொஞ்சம் ஒழுகும். பாதி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

குறையும் உண்டு. எரிபொருள் நிரப்பும் மூடி நுனிப்பக்கம் இருந்தால் உள்ளறை மெதுவாகத்தான் நிறையும். நிரம்பிவிட்டது என்று மூடியை மூடிவிட்டு, பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் மட்டம் இறங்கியிருக்கும். கீல் துருப்பிடிக்காத எஃகில் இருக்கட்டும். சீலன்ட் பூசும்போது கதவின் விளிம்பில் ஒரு சொட்டு விழுந்தாலும் அது அப்படியே ஒட்டிக்கொள்ளும். டேங்கை மூடும் முன்னால் இறக்கையை இருபுறமும் சாய்த்துக் கதவு டொக் டொக் என்று அடிக்கும் சத்தத்தைக் காதால் கேளுங்கள்.

ஃப்ளாப் டியூப்

இறக்கையின் ஃப்ளாப் (flap) அல்ல, இது flop. மாடல் விமானம் ஓட்டியவர்களுக்குப் பழைய நண்பன். வளையும் ஹோஸ், முனையில் எடை, எடையோடு சேர்ந்த வலை. எரிபொருளை எந்தப் பக்கம் விசை தள்ளுகிறதோ, எடையையும் அதே பக்கம் தள்ளும். வாய் எரிபொருளைத் தேடிக்கொண்டு தானே போகும். தலைகீழாகப் பறந்தால் மேல்தகட்டுக்கே வந்துவிடும். யோசனை அவ்வளவு அழகு, எல்லா விமானத்துக்கும் இதையே போட்டுவிடலாமே என்று தோன்றும்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. முதல் காரணம் வயது. ஹோஸ் எரிபொருளில் ஊறி ஊறி விறைத்துப் போகும். புதிதாக இருக்கும்போது சடக்கென்று விழுந்தது, பத்து வருடம் கழித்து எந்த நிலையில் வளைந்து பழகியதோ அந்த நிலையிலேயே நிற்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் சில ரப்பர்கள் ஊதிவிடும். நிலையான குழாய் கெட்டுப்போகாது. ஃப்ளாப் டியூப்பை ஒரு கால அளவு வைத்து மாற்றியே ஆக வேண்டும். அதற்கு டேங்கில் கை நுழையும் மூடி வேண்டும்.

இரண்டாவது, மாட்டிக்கொள்வது. அளவுமானியின் மிதவைக் கம்பி, ரிப்பின் விளிம்பு, விறைப்புக்காக வைத்த கோணப்பட்டை, எதில் வேண்டுமானாலும் எடை போய்ச் சிக்கலாம். நீளம் கொஞ்சம் அதிகமானால் மூலையில் மடங்கும், கொஞ்சம் குறைந்தால் அடியைத் தொடாது. ஃப்ளாப் டியூப் இருக்கும் டேங்கில் மிதவைக் கம்பியைக் கழற்றிவிட்டு மின்தேக்கு வகை அளவுமானி போடுவது நல்லது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதில்லை. தலைகீழாகப் பறக்கும்போது டைஹெட்ரலும் தலைகீழாகும். நேராக இருந்தபோது எரிபொருளை உடல் பக்கம் சேர்த்துக் கொடுத்த அதே கோணம், இப்போது எல்லாவற்றையும் நுனிக்கு அனுப்பும். ஹோஸ் எட்டுவதோ உள்ளறைக்குள் மட்டும். ஆக, ஃப்ளாப் டியூப் போட்டாலும் கதவு போட்ட அறை வேண்டும். அந்த ரிப்பின் மேலே காற்றுக்காக விட்ட துளைதான் தலைகீழாக இருக்கும்போது அடித்துளை. அதைத் தாராளமாக வெட்டியிருந்தால் எரிபொருள் அதன் வழியே ஓடிவிடும்.

தலைகீழாக நிறைய நேரம் பறப்பவர், அதற்கான எண்ணெய் அமைப்பையும் வாங்கப் போகிறவர் என்றால் ஃப்ளாப் டியூப் கட்டாயம். அப்போதும் ஒரு டேங்கில் மட்டும் போடுங்கள், மற்றதில் நிலையான குழாய் இருக்கட்டும். சாகசம் எல்லாம் அந்த ஒரு டேங்கில். வீடு திரும்புவது மற்றதில். எப்போதாவது ஒரு முறை ஒரு பேரல் ரோல் (சுருள் பாதையில் ஒரு முழு உருளல்) போடலாம் என்று நினைப்பவருக்கு இது தேவையில்லை. ஒழுங்காகப் போட்ட பேரல் ரோலில் விசை எப்போதும் இருக்கை பக்கமே இருக்கும், எரிபொருளும் அடியிலேயே கிடக்கும்.

ஹெட்டர் டேங்க்

இறக்கை டேங்குகளுக்கும் என்ஜினுக்கும் நடுவே, உடலுக்குள் தாழ்வாக, நான்கைந்து லிட்டர் கொள்ளும் சின்ன டேங்க். மேலிறக்கை விமானத்தில் எல்லாக் குழாயும் இதில் வந்து விழும், என்ஜின் இதிலிருந்து மட்டும் குடிக்கும். சின்னதாக, உயரமாக, எப்போதும் நிரம்பியே இருப்பதால் எந்த ஸ்லிப்பும் இதன் வாயைக் காயவிடாது. மணிக்கு 25 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு 5 லிட்டர் ஹெட்டர் என்றால் 12 நிமிடம். இறக்கை டேங்க் பிக்கப் காற்று குடித்தாலும் அந்தக் காற்று ஹெட்டரின் மேலே போய் நின்றுவிடும், என்ஜினுக்கு வராது. ஹெட்டரில் மட்டம் குறைந்தால் எரியும் ஒரு சிவப்பு விளக்கு வைத்தால், உண்மையிலேயே எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைச் சொல்லும் ஒரே கருவி அதுதான்.

எச்சரிக்கை ஒன்று. மேலே போய் நிற்கும் காற்று வெளியேற, ஹெட்டரின் உச்சியிலிருந்து இறக்கை டேங்கின் உச்சிக்கு ஒரு வென்ட் குழாய் போக வேண்டும், வழியில் எங்கும் தொய்வில்லாமல். தொய்வு இருந்தால் அங்கே எரிபொருள் தேங்கி அடைத்துக்கொள்ளும். காற்று போக வழியில்லாத ஹெட்டரில் மேலிருந்து எரிபொருள் இறங்காது. இரண்டு இறக்கையிலும் எரிபொருளை வைத்துக்கொண்டு ஹெட்டர் காலியாகும்.

எனக்கு ஹெட்டரில் பிடிக்காதது அதன் இடம். பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னாலோ கால்மாட்டிலோதான் வரும். விபத்தில் இறக்கை கிழிந்தால் எரிபொருள் அங்கே கொட்டும். ஹெட்டர் கிழிந்தால் மடியில் கொட்டும். தாழிறக்கையில் ஹெட்டர் என்றால் மேலே ஏற்ற ஒரு பம்ப், நிரம்பி வழிந்தால் திரும்பிப் போக ஒரு குழாய், பம்ப் நின்றால் சொல்ல ஒரு விளக்கு என்று குட்டி போட்டுக்கொண்டே போகும். அங்கே எனக்கு அது வேண்டாம்.

இன்ஜெக்‌ஷன் என்ஜின் வந்தால் கணக்கு மாறும்

கார் என்ஜினை மாற்றிப் போட்டவர்களும், மின்னணு இன்ஜெக்‌ஷன் என்ஜின் வாங்கியவர்களும் கவனிக்க. அந்தப் பம்ப் த்ராட்டிலைப் பார்ப்பதில்லை. சுமார் 3 பார் அழுத்தத்தில், மணிக்கு 100 லிட்டரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். என்ஜினுக்கு வேண்டாத மிச்சம் டேங்குக்குத் திரும்பி வரும். பிக்கப்பில் ஓடுவது என்ஜின் குடிக்கும் 25 லிட்டர் இல்லை, 100 லிட்டர். மேலே ஒரு நிமிடம் தாங்கிய அறை, திரும்பும் குழாய் வேறெங்காவது போய்ச் சேர்ந்தால் 20 விநாடியில் காயும். திரும்பும் குழாயை அதே உள்ளறையில், பிக்கப்புக்குப் பக்கத்தில், ஆனால் நுரை நேராக வாயில் புகாத தூரத்தில் இறக்குங்கள். அப்போது அறையிலிருந்து நிகரமாகக் குறைவது என்ஜின் குடிப்பது மட்டும்தான்.

இடது டேங்கிலிருந்து எடுத்து வலது டேங்குக்குத் திருப்பிவிடும் தவறும் நடக்கிறது. வலது டேங்க் ஏற்கனவே நிரம்பியிருந்தால் எரிபொருள் வென்ட் வழியாக வானத்தில் கொட்டும். அதனால் இரட்டைத் தேர்வு வால்வு வேண்டும், எடுப்பதும் திருப்புவதும் சேர்ந்து மாற. இந்த வகை என்ஜினுக்குக் கிண்ணம் இல்லை, சேமிப்பு இல்லை. ஒரு குமிழி போனால் அதே நொடியில் தெரியும். மேலிறக்கை விமானத்தில் இன்ஜெக்‌ஷன் என்றால், நான் மேலே குறை சொன்ன ஹெட்டரையே போடச் சொல்வேன்.

வால்வு கைக்கு எட்டுகிறதா

பிக்கப் எவ்வளவு நன்றாக இருந்தாலும், தாழிறக்கையில் டேங்க் மாற்றுவது மனிதன்தான். 1997 அக்டோபர் 12 அன்று பாடகர் ஜான் டென்வர் கலிஃபோர்னியாவில் மாண்டெரே விரிகுடாவில் விழுந்து இறந்தது ஒரு லாங்-ஈஸி ஹோம்பில்டில். அதைக் கட்டியவர் தேர்வு வால்வை வடிவமைப்பாளர் காட்டிய இடத்தில் வைக்காமல், ஓட்டுபவரின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். அதைத் திருப்ப உடலை முறுக்கி வலது கையால் எட்ட வேண்டும். குறிப்பு எதுவும் எழுதப்படாத கைப்பிடி. புறப்படும்போது எரிபொருளும் குறைவாகவே இருந்தது. “ஒரு டேங்க் காய்ந்தால் மற்றதுக்கு மாற்றிக்கொள்வேன்” என்று சொல்லிப் பிக்கப்பில் சிக்கனம் பிடிப்பவர், பெல்ட் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த வால்வைத் திருப்பிப் பார்க்கட்டும்.

வலை, நட், தண்ணீர்

இந்த மூன்றும் எந்த வகை பிக்கப்புக்கும் பொது. அமெரிக்க விமான விதிகளின் 23ஆம் பகுதி 2017இல் மாற்றி எழுதப்படும் முன், டேங்க் வாயில் ஓர் அங்குலத்துக்கு 8 முதல் 16 கண் உள்ள வலை வேண்டும், அதன் திறந்த பரப்பு குழாயின் பரப்பைப் போல ஐந்து மடங்காவது இருக்க வேண்டும் என்று சொன்னது. ஹோம்பில்டுக்கு அது கட்டாயமில்லை, ஆனால் எண்கள் நியாயமானவை. இதை விட மெல்லிய வலையைச் சிலர் “சுத்தமாக இருக்கட்டும்” என்று போடுகிறார்கள். மெல்லிய வடிகட்டலுக்கு இடம் வெளியே, கையில் எட்டும் இடத்தில். டேங்குக்குள் அடைத்துக்கொண்டால் யார் திறப்பது? சீலன்ட் துணுக்கும் ஃபைபர் தூசியும் முதல் சில மணி நேரப் பறப்பில் வந்தே தீரும்.

அப்புறம் அந்த நட். நிலையான குழாய் ரிப்பில் சேரும் இடம் பெரும்பாலும் அடியிலிருந்து சில அங்குலம் மேலே இருக்கும். அங்கே நட் லேசாகத் தளர்ந்திருந்தால், டேங்க் நிறைய இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. மட்டம் அதற்குக் கீழே இறங்கியதும் பம்ப் அந்தச் சந்து வழியாகக் காற்றை இழுக்கும். பிக்கப் வாய் நன்றாக மூழ்கியிருக்கும்போதே! அந்த நட்டுக்குப் பாதுகாப்புக் கம்பி கட்டுங்கள்.

தண்ணீர் பெட்ரோலை விடக் கனம், அடியில்தான் சேரும். பிக்கப் வாய் டேங்கின் மிகத் தாழ்ந்த புள்ளியில் இருந்தால் முதலில் குடிப்பது அதைத்தான். வாய் கொஞ்சம் மேலே, வடிகால் அதற்குக் கீழே. பழைய விதி டேங்க் கொள்ளளவில் 0.25 சதவீதம் அல்லது ஒரு காலனில் பதினாறில் ஒரு பங்கு, எது அதிகமோ அந்த அளவு சம்ப் கேட்டது. நம் 72 லிட்டர் டேங்குக்கு அது கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வால்சக்கர விமானமாக இருந்தால் தரையில் நிற்கும்போது தாழ்வான இடமும் பறக்கும்போது தாழ்வான இடமும் ஒன்றாக இருக்காது. வடிகால் தரையில் நிற்கும் நிலைக்கு ஏற்ற இடத்தில் இருக்கட்டும்.

நான் எதைப் போடுவேன்

தாழிறக்கை, கார்புரேட்டர், சாதாரணப் பயணம்: நிலையான குழாய், கதவு போட்ட உள்ளறை, தாழ்வாக வைத்த மின்பம்ப். யோசிக்கவே வேண்டாம். சாகசம் உண்டென்றால் இதோடு ஒரு டேங்கில் ஃப்ளாப் டியூப். மேலிறக்கை, கார்புரேட்டர்: டேங்குக்கு இரண்டு வாய், ஈர்ப்பு, முடிந்தது. மேலிறக்கை, இன்ஜெக்‌ஷன்: வென்ட் ஒழுங்காகப் போட்ட ஹெட்டர். தாழிறக்கை, இன்ஜெக்‌ஷன் மட்டும்தான் உண்மையிலேயே தலைவலி; திரும்பும் குழாய் உள்ளறைக்கே வரும் அமைப்பைத் தேர்ந்தெடுப்பேன், ஆனால் இரட்டை வால்வை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளும் வரை டேங்கை மூட மாட்டேன்.

எதைப் போட்டாலும் பறக்கும் முன் தரையில் சோதித்துவிடுங்கள். மூக்கை, விமானம் ஏறும் அதிகபட்சக் கோணத்தை விட 5 டிகிரி கூடுதலாகத் தூக்கி, என்ஜின் பக்கம் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விடுங்கள். புறப்படும்போது மணிக்கு 48 லிட்டர் குடிக்கும் என்ஜினுக்கு, ஈர்ப்பில் வருவது 150 சதவீதம், அதாவது நிமிடத்துக்கு 1.2 லிட்டர் வேண்டும். பம்ப் இருந்தால் 125 சதவீதம், நிமிடத்துக்கு ஒரு லிட்டர். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் செய்யும் வேலை. வாளியையும் விமானத்தையும் கம்பியால் இணைத்துத் தரையோடு சேர்த்துவிட்டு, தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

நான் செய்தபோது வாளிக்கு முன்னால் ஓர் அடி நீளத்துக்கு ஒளிபுகும் குழாயைச் சொருகியிருந்தேன். மூக்கைத் தூக்கியபோது எல்லாம் அருமை. மூக்கைத் தாழ்த்தி, வாலை ஸ்டூல் மேல் ஏற்றி வைத்தேன். 6 லிட்டர் மிச்சமிருக்கும்போது, அந்தக் குழாயில் முதல் குமிழி வந்தது. கடுகளவுதான். அடுத்த நொடி அதன் பின்னால் ஒரு வரிசை. பின்மூலையில் வைத்த என் பிக்கப், முன்சுவரில் கிடந்த எரிபொருளைப் பார்த்துக்கொண்டு காற்றைக் குடித்தது. உள்ளறையும் இல்லை, கதவும் இல்லை. “இறங்கும்போது த்ராட்டில் மூடித்தானே இருக்கும்” என்று அந்தச் சாயங்காலம் நானே எனக்குச் சொல்லிக்கொண்டது நினைவுக்கு வந்தது. உடல் பக்க ரிப்பில் கை நுழையும் அளவுக்கு வட்டமாக வெட்டி, மூடி போட்டு, கதவோடு ஓர் அறை செய்து, குழாயைக் கொஞ்சம் முன்னால் வளைத்தேன். நான்கு வார வேலை. மறுபடி தாழ்த்திப் பார்த்தபோது குமிழி வந்தது 2 லிட்டரில்.

அந்த 2 லிட்டர்தான் இப்போது என் அளவுமானியின் பூஜ்யம். ஊசி பூஜ்யத்தில் நிற்கும்போது டேங்கைத் தட்டினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்பவர் யாராவது “இன்னும் இருக்கே” என்பார்.